1962 பெட்போர்ட் லொறி, டிக்கோயா: 8 இலட்சத்துக்குள் மறுபடியும் ஓட வைக்க முடியுமா?

டிக்கோயா_ரவி:

எல்லாருக்கும் வணக்கம். நாலைந்து வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் முதல் தடவை எழுதுகிறேன்.

அப்பாவின் லொறி. 1962இல் பதிந்த பெட்போர்ட், ஜே வகை, மூக்கு நீண்டது. பின்னால் வெறும் பலகைத் தட்டு, கூடு இல்லை. முதலில் ஒரு தோட்டத்தில் கொழுந்து ஏற்றியிருக்கிறது, மடுவத்திலிருந்து (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலை). 1981இல் அப்பா வாங்கி விறகு, உரம், மரக்கறி என்று எல்லாம் ஏற்றினார். 2004இல் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. லொறியைக் கொட்டகைக்குள் விட்டார், அவ்வளவுதான்.

இப்போது இருக்கும் நிலைமை: பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இல்லை. 90களில் ஒரு கராஜில் இசுசு எல்ஃப் லொறியின் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் முன் கப்பியில் சாவி (ஸ்பேனர்) போட்டுத் திருப்பினேன், சுற்றுகிறது. பிரேக்கை மிதித்தால் பெடல் தரை வரை போகிறது. ஆறு டயரும் வெடித்துப் போயிருக்கிறது. தட்டுப் பலகையில் பன்னச்செடி முளைத்திருக்கிறது. கேபின் தரையில் ஓட்டை, கீழே மண் தெரிகிறது.

2020இல் வாகன இறக்குமதி நின்றபோது இருபது வருடப் பழைய எல்ஃப் கூட நம்மால் தொட முடியாத விலைக்குப் போய்விட்டது. எங்கள் லயன் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்குக் கல், மணல் கொண்டுவர ஒரு வண்டி இல்லை. நானும் தம்பியும் சேர்த்து வைத்தது 8 இலட்சம். ஒரு கராஜில் கேட்டேன். எஞ்சினை முழுசாகப் பிரித்துச் செய்யவே நாலரை வேண்டும், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

எதில் தொடங்குவது?


பழைய_சாவி:

தம்பி, எஞ்சினைத் தொடாதீர்கள். சுற்றுகிறது என்கிறீர்கள், அது போதும். அதன் முறை கடைசியில் வரும்.

நாவலப்பிட்டியில் 41 வருடம் சாவி பிடித்தவன் நான். கீழ்நாட்டில் லொறி செய்கிறவன் எஞ்சினில் தொடங்கலாம். ஓடாத லொறி அங்கே கொட்டகையில் நிற்கும், யாருக்கும் கேடில்லை. நமக்கு அப்படியில்லை. ஏறுகிற லொறி ஒரு நாள் இறங்கித்தான் ஆக வேண்டும். 1987இல் றம்பொடைப் பக்கம் கோவா ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது கொண்டை ஊசியில் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. பிரேக் எண்ணெய் பழசு, அதற்குள் தண்ணீர். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேரச் சேரக் கொதிக்கும் சூடு குறையும். டிரம் சூடேறினதும் உள்ளே ஆவி. ஆவியை மிதித்தால் அமுங்கும், சக்கரம் நிற்காது. மலைப் பக்கத்துக் கானுக்குள் சில்லை இறக்கி, மண் திட்டில் உரசித்தான் நிறுத்தினேன். கோவா பாதி ரோட்டில். உயிர் தப்பியது.

ஆகவே பணத்தில் முதல் பங்கு பிரேக்குக்கு, அடுத்தது டயருக்கும் ஸ்டியரிங்குக்கும். மிச்சம் இருந்தால் எஞ்சினுக்கு. பெயின்டுக்கு ஒரு சதமும் வேண்டாம்.

அதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, உரம் ஏற்றின லொறி என்கிறீர்கள். யூரியாவும் அமோனியமும் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்னும். கேபினுக்குப் பின்னால், தட்டு உட்காரும் இடத்தில் செசியை, அதாவது லொறியின் அடிச்சட்டத்தை, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி மாதிரிக் கேட்கும். தின்ற இடம் பலகை மாதிரிக் கேட்கும். அடுத்தது, வாகனப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கமும் லொறியில் வெட்டியிருக்கும் இலக்கமும் ஒன்றா?

மூன்றாவதுதான் முக்கியம். கால் மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுப்பது பிரேக் பூஸ்டர். இந்த பெட்போர்டில் அது எஞ்சின் உறிஞ்சும் வேக்கத்தில் (வெற்றிடத்தில்) வேலை செய்வது. பெட்ரோல் எஞ்சினில் அந்த வேக்கம் காற்றிழுக்கும் மனிஃபோல்டிலேயே கிடைக்கும். டீசலில் கிடைக்காது, தனியாக ஒரு பம்ப் வேண்டும். இசுசுவில் அந்தப் பம்ப், பற்றரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டனேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும். எஞ்சினை மாற்றின கராஜ் அதை வைத்ததா, பார்த்துச் சொல்லுங்கள்.


பூண்டுலோயா_கலா:

ரவி தம்பி, சாவி அண்ணன் சொன்னதோடு புத்தக வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வாகனக் காப்புறுதியில் வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் எல்லாப் பணத்தையும் இரும்பில் கொட்டிவிட்டு, கடைசியில் பத்திரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

புத்தகம் யார் பெயரில்? அப்பாவின் பெயரிலேயே இருந்தால் நிம்மதி. ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்துப் போட்ட பத்திரத்தோடு, கை மாறி வந்த லொறி என்றால், பழைய உரிமையாளரைத் தேடுவதே ஒரு வேலை. அப்புறம், எஞ்சின் மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தார்களா? பெட்ரோல் என்று இருக்கும் புத்தகத்தோடு டீசல் லொறியைக் கொண்டுபோனால் தகுதிச் சான்றிதழும் கிடைக்காது, புகைப் பரிசோதனையும் இழுபடும். அந்த இரண்டும் காப்புறுதியும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் தரமாட்டார்கள்.

2004இல் நிறுத்தியபோது லொறி ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தின் பிரதியைத் தேடுங்கள். இல்லாவிட்டால் நிலுவையும் தண்டமும் சேரும். ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.


டிக்கோயா_ரவி:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க லொறிக்குக் கீழேதான் கிடந்தேன்.

கலா அக்கா, புத்தகம் அப்பா பெயரில். செசி இலக்கம் சரி. எஞ்சின் மாற்றம் பதியவில்லை. ஆனால் அந்த எஞ்சின் வாங்கிய ரசீதை அம்மா கல்யாணப் பத்திரத்தோடு ஒரே உறையில் வைத்திருந்தார். ஓடவில்லை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சாவி அண்ணன், சுத்தியலால் தட்டினேன். இடது பக்கம் முழுக்க மணி. வலது பக்கம் பின் வில்லுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அடி நீளத்துக்குச் சத்தம் செத்துப் போகிறது. கம்பித் தூரிகையால் தேய்த்தேன், அடை அடையாகக் கழன்றது. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த இடத்தில்தான் உர மூட்டை கிழிந்து கொட்டும்" என்றார். இருபது வருடமாகப் பார்க்காத இடத்தைச் சத்தத்திலேயே சொல்லிவிட்டார்.

ஆல்டனேட்டரில் பம்ப் இல்லை அண்ணன். சாதாரண ஆல்டனேட்டர்தான். பூஸ்டரிலிருந்து வந்த குழாயை மடித்துக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பன்னிரண்டு வருடம் அப்பா இந்த லொறியை பூஸ்டர் இல்லாமல் ஓட்டியிருக்கிறார். அவருடைய வலது முழங்கால் இன்றைக்கும் நீட்ட வராது. வாதம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.


வெலிமடை_எல்ஃப்:

தம்பி, மனம் நோகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். செசியில் ஓட்டை, பூஸ்டர் இல்லை, டயர் ஆறு. இதை 8க்குள் முடிக்க முடியாது. நான் வெலிமடையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஓட்டுகிறேன், செலவு தெரியும். லொறியைக் கழிவு இரும்புக்குக் கொடுத்துவிட்டு அந்தக் காசையும் சேர்த்துச் சின்ன வண்டி ஒன்று பாருங்கள். இல்லை, இதைத்தான் செய்வேன் என்றால் பழைய எல்ஃபின் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் பிரேக்கோடு அப்படியே தூக்கிப் போடுங்கள். பாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும்.


பழைய_சாவி:

வெலிமடைத் தம்பி சொல்லும் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சு மாற்றுகிற வழி மலிவு மாதிரித் தெரிந்து கழுத்தைப் பிடிக்கும். அகலம் வேறு, வில்லின் இருக்கை வேறு, பின் அச்சின் பல் கணக்கு வேறு, ஸ்டியரிங் கம்பியின் நீளம் வேறு. எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட வேண்டும். முன் அச்சில் வெட்டி ஒட்டின லொறிக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன். பெட்போர்டின் பிரேக் நல்ல பிரேக். அதற்குக் கிடைக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டதுதான் பிழை.

ரவி, செசியில் அந்த ஒரு அடிக்கு உள்பக்கமாக அதே தடிப்பில் தகடு வையுங்கள். தகட்டின் இரு முனையையும் நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் முனையிலேயே வெடிக்கும். செசியின் மேல் உதட்டிலும் கீழ் உதட்டிலும் துளை போடாதீர்கள், ஒட்டாதீர்கள். நடுச் சுவரில் மட்டும்.


பஞ்சிகாவத்தை_நடை:

பாகம் தேடுவது பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம்.

பெட்போர்ட் பாகம் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் ஜெனரல் மோட்டர்ஸ் 80களில் கையை விட்டாலும், இதே ஜே வகையை இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் செய்தது. பாகிஸ்தானில் பூ வேலையும் கண்ணாடியும் வைத்து அலங்கரித்த பெட்போர்ட் இன்றைக்கும் மலை ரோட்டில் ஓடுகிறது, அங்கே பாகமும் செய்கிறார்கள். கிங் பின் (முன் சில்லு திரும்பும் அச்சாணி), புஷ், வீல் சிலிண்டருக்குள் இருக்கும் றப்பர் கப், பிரேக் லைனர் எல்லாம் அந்த வழியாக மருதானை பஞ்சிகாவத்தைக்கு வரும்.

ஆனால் கடையில் போய் "62 பெட்போர்டுக்கு" என்று கேட்காதீர்கள். கழற்றிய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். வீல் சிலிண்டர் முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு வேறு அளவாக இருக்கும், கணக்கு அங்குலத்தில். வர்னியர் வைத்து அளந்து, எழுதி, பாகத்தையும் காட்டி வாங்குங்கள். என் மாமாவுக்கு ஒரு கடையில் கிட்டத்தட்டச் சரியான கப்பைக் கொடுத்துவிட்டார்கள். நூலளவு சின்னது. முற்றத்தில் பெடல் கல் மாதிரி நின்றது. மூன்றாம் நாள் கசிந்தது.

உடம்பு தேய்ந்த சிலிண்டரை எறியவும் வேண்டாம். லேத்தில் கடைந்து உள்ளே பித்தளை உறை இறக்கித் தருவார்கள். துருப் பிடிக்காது, புதிதைவிட நாள் கூட வரும்.


டிக்கோயா_ரவி:

ஐந்து கிழமைக்கு அப்புறம் வருகிறேன். பிரேக் வேலை முடிந்தது. நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன், என்னை மாதிரி இன்னொருவருக்கு உதவும்.

டிரம் நாலும் கழன்று வரவே இரண்டு நாள் போனது. லைனர் தேய்ந்த தூசை ஊதாதே, அந்தக் காலத்து லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கும் என்று லேத்துக்காரர் சொன்னார். சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டிப் போட்டோம்.

முன் இடது சிலிண்டரைத் திறந்தபோது கப் இரண்டும் ஊறிப்போன பழப்புளி மாதிரிக் கையோடு வந்தது. பிரேக் எண்ணெய் இல்லாத நேரம் எப்போதோ யாரோ எஞ்சின் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். ஒரு தேக்கரண்டி போதுமாம், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சில்லு வரைக்கும் றப்பர் எல்லாம் ஊதிவிடும். ஆகவே ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை, எல்லா றப்பரும் புதிது. பின் சிலிண்டர் இரண்டுக்கும் பித்தளை உறை.

றப்பர் ஹோஸ் வெளியே நல்லாத்தான் இருந்தது. வாயை வைத்து ஊதிப் பார்த்தேன், காற்றுப் போகவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்சுவர் வீங்கி ஒரு ஊசித் துவாரம்தான் மிச்சம். மிதித்தால் எண்ணெய் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. சில்லு இழுபட்டுச் சூடாகிக்கொண்டே இருக்கும். மூன்று ஹோஸும் மாற்றினேன். இந்த லொறியில் நாலு சில்லுக்கும் ஒரே வழிதான், ஒரு குழாய் வெடித்தால் நாலும் போச்சு. அதனால் இரும்புக் குழாய்களையும் முழுக்க மாற்றினோம். வெறும் செம்புக் குழாய் மலிவாகக் கிடைத்தது. அதிர்வில் இறுகி வெடிக்கும் என்று சாவி அண்ணன் தொலைபேசியில் தடுத்துவிட்டார்.

பம்ப் உள்ள பழைய இசுசு ஆல்டனேட்டர் ஒன்று கம்பளையில் கிடைத்தது. பம்புக்கு எண்ணெய் வர எஞ்சினிலிருந்து ஒரு குழாய், எண்ணெய் திரும்பிப் போகக் கீழே இன்னொன்று. பூஸ்டருக்கு முன்னால் புதிய ஒரு வழி வால்வு. பிரேக் குழாய்க்குள் நின்ற காற்றை எடுக்கும் வேலையை மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருக்கும் சில்லில் தொடங்கி, கிட்டத்தில் இருப்பதில் முடித்தோம்.

அப்புறம் அந்தச் சோதனை. எஞ்சினை நிறுத்தி ஆறேழு தடவை மிதித்து வேக்கத்தைத் தீர்த்துவிட்டு, பெடலில் காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பூஸ்டர் வேலை செய்தால் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். அப்பாவையே சீட்டில் ஏற்றி மிதிக்கச் சொன்னேன். தம்பி ஸ்டார்ட் செய்தான். பெடல் இறங்கியது. அப்பா காலை எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். "இவ்வளவு லேசா?" என்று மட்டும் கேட்டார்.


நோர்வூட்_சில்லு:

வாசித்து மனம் நிறைந்தது ரவி. டயர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள், அது என் தொழில்.

உங்கள் சில்லு 20 அங்குலம், ரிங் போட்டுப் பூட்டுகிற வகை. காற்றடிக்கும்போது அந்த ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் பீரங்கிக் குண்டு மாதிரிப் பறக்கும். ரிங்கும் அது உட்காரும் பள்ளமும் துருவில்லாமல் பளிச்சென்று இருக்க வேண்டும். ஒரு சில்லின் ரிங்கை வேறு சில்லுக்குப் போடாதீர்கள். கூண்டு உள்ள இடத்தில் மட்டும் காற்றடியுங்கள். கூண்டு இல்லாத கடை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். குனிந்து பார்க்கவே கூடாது, நீளமான ஹோஸ் போட்டுப் பக்கவாட்டில் எட்ட நில்லுங்கள். என் கூட வேலை பழகிய பையன் ஒருவனுக்கு இடது கை இல்லை.

முன்னுக்கு இரண்டும் புதிது. பின்னுக்கு றீபில்ட் (பழைய டயரில் புதுப் பூ ஒட்டினது) போடலாம், நான் பயமில்லாமல் சொல்லுவேன். ஆனால் டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் தேடுங்கள். 2319 என்று இருந்தால் 2019இன் 23ஆவது கிழமையில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000க்கு முந்தியது, எவ்வளவு பூ இருந்தாலும் வேண்டாம். ஒரே அச்சில் ரேடியலையும் சாதாரண டயரையும் கலக்காதீர்கள்.


நானுஓயா_பனி:

ரேடியேட்டர் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் பக்கம் எல்லாரும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள், ஏற்றத்தில் சூடேறாது என்று. நானும் அப்படித்தான். ரவியும் கழற்றிவிடலாம்.


பழைய_சாவி:

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். ஏற்றத்தில் சூடேறுவது ரேடியேட்டர் அடைத்திருப்பதால், தெர்மோஸ்டாட் இருப்பதால் இல்லை. அதைக் கழற்றினால் இறக்கத்தில், நம் குளிரில், எஞ்சின் சூடே பிடிக்காது. டீசல் முழுக்க எரியாது, புகை அடிக்கும், எண்ணெய் சேறாகும். புகைப் பரிசோதனையிலும் அதுவே விழுத்தும்.

ஆனால் மூடியைப் பாருங்கள், அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நுவரெலியா உயரத்தில், 1,868 மீற்றரில், தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் அழுத்தம் பிடித்தால்தான் அந்தக் குறை தீரும். மூடி தளர்ந்த லொறி கொழும்பில் ஒன்றும் காட்டாது, நானுஓயா ஏற்றத்தில் காட்டிவிடும்.


நானுஓயா_பனி:

எங்கள் லொறி காலையில் புகைப்பதற்குக் காரணம் அதுதானோ. நாளைக்கே போட்டுப் பார்க்கிறேன் அண்ணன்.


டிக்கோயா_ரவி:

ரேடியேட்டருக்குள் எலிக்கூடு இருந்தது. மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து ஒட்டிக் கொடுத்தார்கள். தெர்மோஸ்டாட்டும் மூடியும் புதிது.

டீசல் தொட்டிக்குள் ஒரு கை சங்கிலியும் மண்ணெண்ணெயும் போட்டு, தம்பியும் நானும் தொட்டில் மாதிரி ஒரு மணி நேரம் ஆட்டினோம். வந்தது தேயிலைச் சாயம் மாதிரி. மூன்றாவது முறைதான் தெளிந்தது. பம்பும் இன்ஜெக்டரும் கண்டியில் சோதித்து, நாலு நொசிலும் மாற்றினேன். எஞ்சின் பிரிக்கவில்லை. எண்ணெய், வடிகட்டி, பெல்ட், அவ்வளவுதான். முதல் நாள் வெள்ளைப் புகை, இரண்டாம் நாள் குறைந்தது, இப்போது இல்லை.

தட்டுக்குப் பலகை: அரச மரக் கூட்டுத்தாபனத்தில் ரசீதோடு வாங்கினேன். குறுக்குக்கு ஹல்மில்ல, மேலே யூகலிப்டஸ். செசிக்கும் தட்டுக்கும் இடையில் இரும்பும் இரும்பும் உரசாமல் நீளவாட்டில் ஒரு மரச் சட்டம், யூ போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. பலகைக்கு இடையில் கால் அங்குலம் விட்டோம், மழைத்தண்ணீர் போக.

செலவுக் கணக்கையும் எழுதுகிறேன். பிரேக் 187,000. டயர், ட்யூப் 269,000. பம்பும் நொசிலும் 78,000. ரேடியேட்டர் 46,000. கிங் பின், புஷ் 39,000. மரம் 88,000. பற்றரி, வயர் 71,000. மொத்தம் 778,000. செசித் தகட்டை ஒட்டின நண்பர் காசு வாங்கவில்லை. நிலுவை, பதிவு, சான்றிதழ் எல்லாம் சேர்த்து இன்னும் 63,000. கையில் இருந்ததைவிட 41,000 கூடிவிட்டது, அதை அம்மா சீட்டுக் காசில் கொடுத்தார். கேபின் தரைக்குத் தகரம் மட்டும் அடித்திருக்கிறேன். கதவு மங்கிப்போன பச்சையிலேயே இருக்கிறது.


பூண்டுலோயா_கலா:

எஞ்சின் இலக்கம் புத்தகத்தில் ஏறிவிட்டதா தம்பி?


டிக்கோயா_ரவி:

ஏறிவிட்டது அக்கா. அம்மா வைத்திருந்த ரசீதுதான் காப்பாற்றியது. டீசல் என்று மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு அப்படியே இருக்கிறது. புகைப் பரிசோதனை முதல் தடவையிலேயே தேறியது. அனுமதிப்பத்திரம் போன செவ்வாய்க்கிழமை கண்ணாடியில் ஒட்டினேன்.


பழைய_சாவி:

நல்லது. இனி இறக்கிப் பாருங்கள். வெறும் லொறியாக வேண்டாம், வெறும் லொறி பொய் சொல்லும். ஒரு தொன் மணல் மூட்டை ஏற்றுங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு, விடியற்காலையில். ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். பெடலில் காலை வைத்துக்கொண்டே போகாதீர்கள். அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. கீழே போனதும் ஒவ்வொரு டிரம்முக்கும் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்து எழுதுங்கள்.


டிக்கோயா_ரவி:

போய் வந்துவிட்டோம்.

நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். தம்பி மணல் மூட்டைக்குப் பக்கத்தில் தட்டில், சில்லுக்குப் போடக் கட்டையோடு. அப்பா என் பக்கத்தில். வேண்டாம் என்றுதான் சொன்னேன், முதலே ஏறி உட்கார்ந்துவிட்டார். ஹட்டன் வரை ஏற்றத்தில் சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை.

ரொசல்லை தாண்டி இறக்கம் தொடங்கினதும் மூன்றாவதில் போட்டேன். வேகம் கூடியது. அப்பா, "என்ன கியர்?" என்றார். மூன்று என்றேன். "இரண்டில் போடு, இது மூன்றில் நிற்காது." டபுள் கிளச் அடித்து இரண்டில் போட்டதும் எஞ்சின் முனகிக்கொண்டு லொறியைப் பிடித்தது. அதற்கப்புறம் வளைவில் மட்டும்தான் பிரேக்.

வட்டவளையில் மழை. எப்போதுதான் அங்கே மழை இல்லை? வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது, என் பக்கம். எதிரே கொழும்பு பஸ் ஒன்று வளைவில் நடு ரோட்டுக்கு வந்துவிட்டது. அழுத்தி மிதித்தேன். லொறி நேராக நின்றது. இடமும் இழுக்கவில்லை, வலமும் இழுக்கவில்லை. மணல் மூட்டை ஒன்று சரிந்து கேபினில் முட்டிய சத்தம் கேட்டது. தம்பி பின்னாலிருந்து "சரி, சரி" என்று கத்தினான். பஸ் போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் வலது காலும் தரையில் அடித்த புதுத் தகரத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

கரோலினா தாண்டி கினிகத்தேனைக்கு வந்து, கடை ஓரத்தில் நிறுத்திக் கட்டை போட்டோம். நாலு டிரம்முக்கும் புறங்கை. முன் இரண்டும் ஒரே சூடு, கையை வைத்திருக்க முடிந்தது. பின் வலது இளஞ்சூடு. பின் இடதில் மட்டும் சூடு கூட. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், சீறவில்லை, ஆனால் சீக்கிரம் காய்ந்தது. பெடல் மேலே போனபோது எங்கே நின்றதோ, கீழே வந்தும் அங்கேயே நிற்கிறது.

பின் இடதுக்கு என்ன செய்யட்டும் அண்ணன்? லைனர் இறுக்கமா, இல்லை கைப்பிரேக் கேபிளா?


பழைய_சாவி:

கைப்பிரேக்கை முழுசாக விட்டுவிட்டு, ஜாக்கி போட்டுச் சில்லைக் கையால் சுற்றுங்கள். உரசினால் கேபிளைக் கழற்றி மறுபடி சுற்றுங்கள். அப்போது லேசாகச் சுற்றினால் கேபிள்தான் இறுக்கம். அப்போதும் உரசினால் அட்ஜஸ்டரை ஒரு பல் தளர்த்துங்கள், ஒன்று மட்டும். அப்புறம் இன்னொரு தடவை கினிகத்தேனைக்கு இறங்கி வந்து எழுதுங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள்.